பாதுகாப்புக் கூட்டமும் பதினோரு பேருக்கு நான் அனுப்பிய படமும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை வாலுவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டாலும் அப்படித்தான் இருக்கிறேன் என்று நீ சொல்லப்போகிறாய், அதனால் கேட்காமலே நம்பிவிடுகிறேன். காகிதத்தில் எழுதியிருக்கிறாளே, அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பதறாதே. ஃபோனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதற்கெல்லாம் திருத்தம் சொல்வார், நம் வாலு பின்னால் நின்று என்னைப் போலவே வாயசைத்துக் காட்டுவாள், சொல்ல வந்தது பாதியிலேயே செத்துப்போகும். இதை நடுவில் யாரும் புகாமல் சொல்லி முடிக்க வேண்டும். அப்பாவின் முழங்கால் வலி தேவலை. மருத்துவர் இனிப்பை நிறுத்தச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது, நிறுத்திவிட்டேன் என்று என் கண்ணைப் பார்த்துச் சொல்கிறார், அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். குளியலறைக் குழாயைச் சரிசெய்ய வந்தவர் சமையலறைக் குழாயையும் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மாடி வீட்டு அக்கா பாட்டு கற்றுக்கொள்கிறார்கள், கற்றுக்கொடுப்பவர் வாரத்துக்கு ஒரு நாள் வருகிறார், நாங்கள் ஏழு நாளும் கேட்கிறோம்.

என் வேலை உனக்குத் தெரியும், பள்ளிக்கூட ஆபீஸில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பது, வராத பிள்ளைகளின் வீட்டுக்கு ஃபோன் போடுவது, சான்றிதழ் எழுதுவது. போன வருடத்திலிருந்து பள்ளியின் இணையப் பக்கத்தையும் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியுமாம். எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்றால் நின்றுபோனதை அணைத்துவிட்டு மறுபடி போடத் தெரிந்தவர் என்று அர்த்தம். விளையாட்டு விழாவா, பரிசளிப்பா, நாலு படம் எடுத்துப் பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் முத்து முத்தாக எழுதிப் போட்டுவிடுவேன், தலைமையாசிரியை பார்த்து, “சூப்பர்ங்க, இதப் பாத்துதான் அட்மிஷனுக்கே வர்றாங்க” என்பார், எனக்கும் உச்சி குளிர்ந்துபோகும்.

சென்ற மாதம் தலைமையாசிரியைக்குத் திடீரென்று ஞானம் வந்து, பெற்றோருக்கு ஒரு கூட்டம் போட வேண்டும் என்றார். பிள்ளைகள் நல்லது கெட்டது பார்த்துத் தேர்ந்தெடுக்கவும் இணையத்தில் பாதுகாப்பாக இருக்கவும் வீட்டில் எப்படித் துணை நிற்பது என்று ஒரு நிபுணர் வந்து சொல்வாராம், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பெற்றோர் இருநூறு பேரையும் ஃபோனில் அழைக்கும் புண்ணியம் எனக்கு. திங்களில் ஆரம்பித்து வெள்ளி வரைக்கும் அதே வேலை. ஒருத்தர், “இத ஆன்லைன்ல வெச்சுட்டா வசதியா இருக்குமே மேடம்” என்றார். ஒரு அம்மா, “எங்க பொண்ணு ஃபோனையே தொடமாட்டா மேடம், எங்களுக்கு எதுக்குக் கூட்டம்” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து அந்தப் பெண், “அம்மா, என் ஃபோனக் குடு, எவ்வளவு நேரம் பேசுவ” என்று கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நிபுணர் இருக்கட்டும், மதிய உணவு உண்டா என்று கேட்டவர்கள் தனி.

சனிக்கிழமை நூற்று முப்பது பேர் வந்தார்கள், உன் அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் முன் வரிசையில். நிபுணர் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்தார், ப்ரொஜெக்டர் நாற்பது நிமிடம் அவரோடு ஒத்துழைக்கவில்லை. கடைசியில் திரை வந்தது, வந்த வேகத்தில் மனிதர் தன் பாஸ்வேர்டைப் பெயர் எழுதும் கட்டத்தில் தட்டிவிட்டார், அத்தனை பேர் கண்ணுக்கும் முழம் உயர எழுத்தில் தெரிந்தது, அவர் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். இரண்டாம் வரிசையில் ஒரு அம்மா அதையும் பாடம் என்று நினைத்து நோட்டில் குறித்துக்கொண்டார். ஆனால் பாவம், அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் சரியான பேச்சு, அதை நான் இப்போது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பிள்ளை வந்து ஒன்று சொன்னால் முதலில் காது கொடுங்கள், திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஃபோனைப் பிடுங்கினால் அடுத்த முறை சொல்லாது என்றார். படம், பெயர், வகுப்பு மூன்றையும் சேர்த்து எங்கேயும் போடாதீர்கள் என்றார். வந்ததை எல்லாம் அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள் என்றார். ஏதாவது நடந்தால் அழிக்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு குறித்து வைத்துப் புகார் செய்யுங்கள் என்றார். நான் பின்னால் டீ ஊற்றிக்கொண்டு இதெல்லாம் இந்த ஜனங்கள் காதில் ஏறப்போகிறதா என்று சிரித்துக்கொண்டிருந்தேன், என் காதில் ஏறுகிறதா என்று பார்க்கவில்லை. சந்தேகம் கேட்கலாம் என்றதும் முதலில் எழுந்தவர் உன் அப்பா. “அவங்களுக்குத் தெரியாம அவங்க ஃபோன்ல என்ன பண்றாங்கன்னு பாக்க ஏதாவது வழி இருக்கா சார்?” அவ்வளவுதான், தூங்கிக்கொண்டிருந்த மண்டபம் முழுக்க விழித்துக்கொண்டது, எல்லோர் கையிலும் பேனா. காது கொடுங்கள் என்றபோது ஒரு பேனாவையும் நான் பார்க்கவில்லை. முடிவில் வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தோம், இடது கையில் ஃபோனைப் பிடித்து அதைப் படம் எடுத்தோம்.

உன் அப்பா அன்று மதியமே அந்த வேவு பார்க்கும் செயலியை ஏற்றிவிட்டார். வாலு ட்யூஷன் பையை எடுக்கப் போன நேரத்தில் அவள் ஃபோனிலும் ஒன்று, தன் ஃபோனிலும் ஒன்று. பெற்றோர் யார், பிள்ளை யார் என்று கேட்ட இடத்தில் மாற்றி அழுத்திவிட்டார். ஒரு வாரம் அவர் தன் ஃபோனைப் பார்த்து, பொண்ணு எங்கேயும் போகவில்லை, எதுவும் பார்க்கவில்லை, தங்கம் என்று பூரித்துப்போயிருந்தார். ஒரு வாரமும் வாலுவின் ஃபோனுக்கு அவர் நடமாட்டம் மணி அடித்துப் போய்க்கொண்டிருந்தது. எட்டாம் நாள் சாப்பிடும்போது அவள் தலை நிமிராமல், “அப்பா, இந்த வாரம் பேக்கரிக்கு அஞ்சு தடவ போயிருக்கீங்க, வியாழக்கிழம மட்டும் ரெண்டு தடவ” என்றாள். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அன்றே செயலி போயிற்று, பேக்கரி போகவில்லை.

இதுவரைக்கும் சிரிக்க எழுதினேன், இனி எழுதுவதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, வந்தாலும் என்னைப் பார்த்துத்தான் வருகிறது. கூட்டம் முடிந்த கையோடு பாதுகாப்புக்காக ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் க்ரூப் ஒன்று ஆரம்பித்தார்கள். அட்மின், வீடு வாடகைக்குப் பார்த்துக் கொடுக்கும் ஒருத்தர். எதை அனுப்பினாலும் முதல் வார்த்தை உஷார். உஷார், பேனா மையில் விஷம். உஷார், நாளை முதல் தண்ணீர் வராது. தண்ணீர் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். அதனால் அவருக்கு உஷார் அண்ணன் என்றே பெயர் விழுந்துவிட்டது. திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்கு அவர் ஒரு ஸ்க்ரீன்ஷாட் போட்டார். நம் பள்ளிச் சீருடையில் ஒரு பெண், பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் போட்ட ஒரு கணக்கு, அதிலிருந்து யார் யாரோ ஆண்களோடு அசிங்கமான பேச்சு. கீழே, “உஷார்! உஷார்! நம்ம ஸ்கூல் பொண்ணு. உங்க பிள்ளைங்கள இவகூட சேரவிடாதீங்க. எல்லா பேரன்ட்ஸுக்கும் அனுப்புங்க” என்று எழுதியிருந்தார்.

அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். வாலுவின் வகுப்பு, ஓட்டத்தில் மாவட்ட அளவில் முதலாக வந்தவள், பள்ளியில் எல்லோரும் அவளை ஜெட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் பிரிவில் வேலை, அப்பா லாரியோடு போனால் மாதம் ஒருமுறைதான் வீடு. தெரிந்த முகம் என்றதும் நான் நிதானித்திருப்பேன் என்று நினைக்கிறாயா, இல்லை, தெரிந்த முகம் என்பதால்தான் கை இன்னும் வேகமாகப் போயிற்று. ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு பெருவிரலால் ஒவ்வொருத்தராகத் தொட்டுப் பதினோரு பேருக்கு அனுப்பினேன், உன் சித்தி, அத்தை, பத்தாம் வகுப்புப் பெற்றோர் சிலர், என் பழைய ஆபீஸ் தோழிகள். சும்மாவும் அனுப்பவில்லை, “பாத்தா எவ்வளவு அடக்கமா இருக்கும் தெரியுமா” என்று என் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்தேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. உறுதிமொழி எடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

செவ்வாய் ஜெட்டு வரவில்லை. புதனும் வரவில்லை. இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்பது என் வேலை, கேட்டேன். அவள் அம்மா எடுத்தாள், ஏன் வரவில்லை என்றேன், “காய்ச்சல்” என்றாள். பதிவேட்டில் காய்ச்சல் என்று எழுதிவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினேன். அன்று சாயங்காலம் வாலுவிடம், அந்தப் பெண்ணோடு பேச்சு வைத்துக்கொள்ளாதே என்று பெரிய மனுஷியாக எச்சரிக்கை செய்தேன். அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, உன் அப்பா நைசாகத் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“அது அவ அக்கவுன்ட்டே இல்லம்மா. எவனோ அவ படத்த எடுத்து ஆரம்பிச்சிருக்கான். எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும், நாங்க எல்லாரும் அதப் புகார் பண்ணியிருக்கோம். படம் எங்கேருந்து எடுத்தான்னு தெரியுமா? ஸ்கூல் பேஜ்லேருந்து. நீ போட்டது. பேரு, கிளாஸ், செக்‌ஷன் எல்லாம் நீ எழுதினத அப்படியே எடுத்திருக்கான்.” அதோடு விட்டாளா, இல்லை. “அவ மொதல்ல உங்கிட்டதான் வந்தா. கூட்டத்துக்கு முன்னாடி புதன்கிழம, லஞ்ச் டைம்ல. நானும் கூட வந்து வெளிய நின்னேன். நீ ஃபோன்ல யார்கிட்டயோ பேசிட்டே, ‘எதுவானாலும் அப்பா அம்மா கையெழுத்தோட லெட்டர் கொண்டா, இதுக்கெல்லாம் சேத்துதான் சனிக்கிழம கூட்டம் வெச்சிருக்கு’ன்னு சொன்ன.” அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை பத்து நிமிடம் போல நின்றது. மிஸ், மிஸ் என்று இரண்டு தரம் கூப்பிட்டது. பாதுகாப்புக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிற மும்முரத்தில் அது யார் என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். ஏண்டி, இவ்வளவு தெரிந்திருந்தும் என்னிடம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன், குரலை உயர்த்தித்தான் கேட்டேன், பழக்கம். “சொன்னா என்ன பண்ணுவ? என் ஃபோனப் பிடுங்கி பீரோல வெச்சுப் பூட்டுவ. ரெண்டு தடவ பூட்டியிருக்கல்ல” என்றாள். சாப்பிடாமலே எழுந்து போய்விட்டாள்.

வியாழக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் ஜெட்டுவின் வீட்டுக்குப் போனேன். உன் அப்பாவும் வந்தார், மூன்றாம் மாடி, முழங்கால் வலி என்று கீழேயே நின்றுகொண்டார், அந்த முழங்கால் எப்போது வலிக்க வேண்டும் என்று அதற்கு நன்றாகத் தெரியும். அவள் அம்மா மருத்துவமனை மேலங்கியைக் கழற்றாமலே கதவைத் திறந்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை, கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். “நேத்து ஃபோன் பண்ணி ஏன் வரலன்னு கேட்டீங்களே, தெரிஞ்சு கேட்டீங்களா, தெரியாம கேட்டீங்களா?” என்றாள். பொய் சொல்லியிருக்கலாம். தெரிந்துதான் கேட்டேன், படத்தை நானும் பதினோரு பேருக்கு அனுப்பினேன், அதை இணையத்தில் முதலில் போட்டதும் நான்தான் என்று நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். அவள் அழவில்லை, கத்தவுமில்லை. வேலையில் இருக்கும்போது ரத்தப் பரிசோதனைக்கு வந்த ஒருத்தி தன் ஃபோனை நீட்டி, இந்தப் பெண் உங்கள் பக்கத்துத் தெருவா, தெரியுமா என்று இந்தப் படத்தையே காட்டினாளாம், “ஊசிய அவ கையில குத்தி வெச்சிருக்கேன், என் கை ஆடக்கூடாது, என் பொண்ணு மூஞ்சியப் பாத்துட்டே ரத்தம் எடுத்து முடிச்சேன்” என்றாள். பிறகு நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் பதில் இன்னும் காதிலேயே இருக்கிறது. “படத்தப் பதினோரு பேருக்கு அனுப்பினீங்கல்ல, இந்த மன்னிப்ப எத்தன பேருக்கு அனுப்புவீங்க?”

உள்ளறைக் கதவருகில் ஜெட்டு நின்றிருந்தாள். ஓடுகிற பிள்ளை ஓரிடத்தில் அப்படி அசையாமல் நின்று நான் பார்த்ததில்லை. “நான் லெட்டர் எழுதிட்டுதான் மிஸ் வெச்சிருந்தேன், அம்மாகிட்ட கையெழுத்து வாங்கப் பயமா இருந்துச்சு” என்றாள். காட்டினாள். நோட்டிலிருந்து கிழித்த தாள், மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு என்று தொடங்கி, ஒரு தப்பில்லாமல் எழுதியிருந்தது. அந்தக் கணக்கை என்றைக்குப் பார்த்தாள், என்ன எழுதியிருந்தது, யார் யார் புகார் செய்தார்கள் எல்லாம் தேதியோடு, ஸ்க்ரீன்ஷாட்களைத் தனியாக ஒரு ஃபோல்டரில் சேர்த்தும் வைத்திருந்தாள். நூற்று முப்பது பெரியவர்கள் உட்கார்ந்து கேட்டதை அந்தக் கூட்டத்துக்கே வராத பிள்ளை செய்து முடித்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் க்ரூப்பில் எழுதினேன். அந்தக் கணக்கு பொய், படத்தைப் பெயரோடு போட்டது நான், அதைப் பதினோரு பேருக்குப் பரப்பியதும் நான், தப்பு, யாரிடம் இருந்தாலும் அழித்துவிடுங்கள், நீங்கள் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கும் சொல்லுங்கள் என்று என் பெயர் போட்டே எழுதினேன். ஒரு ஈ, காக்காய் பேசவில்லை. அரை மணி கழித்து ஒருத்தர் ரோஜாப்பூவோடு இனிய மாலை வணக்கம் அனுப்பினார். உஷார் அண்ணன் எனக்குத் தனியாக, “நல்லெண்ணத்துலதான் மேடம் போட்டேன், எனக்கும் பொண்ணு இருக்கு” என்று அனுப்பினார். அப்படியென்றால் அதே நல்லெண்ணத்தில் அழித்துவிட்டு மன்னிப்பும் போடுங்கள் என்றேன், நெட்வொர்க் சரியில்லை என்றார். பதினோரு பேரையும் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டேன். உன் சித்தி, “அடடா, நான் அத அப்பவே நாப்பது பேருக்கு அனுப்பிட்டேனேக்கா” என்றாள். அந்த நாற்பதையும் கூப்பிட்டுச் சொல்லும்வரை உன்னோடு பேச்சில்லை என்றேன், இரண்டு நாள் உட்கார்ந்து கூப்பிட்டாள், சித்தியைக் குறை சொல்லமாட்டேன். உன் அத்தை மட்டும், நெருப்பு இல்லாமலா இருக்கும் என்று இழுத்தாள், அவளிடம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது, உன் அப்பாவுக்கும் தெரியாது.

அன்று இரவே தலைமையாசிரியையை ஃபோனில் கூப்பிட்டு, இணையப் பக்கத்துப் படங்களை எல்லாம் நீக்கிவிடலாம் என்றேன். அவர் முதலில், “பேர மட்டும் எடுத்துட்டாப் போதாதா, படத்த எல்லாம் எடுத்தா பேஜே காலியாயிடுமே” என்றார். அட்மிஷன் நேரமாம். வெள்ளிக்கிழமை காலை ஜெட்டுவின் அம்மா இணையக் குற்றப் பிரிவில் எழுத்தில் புகார் கொடுக்கப் போகிறாள், நானும் கூடப் போகிறேன், படம் எங்கிருந்து போனது என்று கேட்டால் சொல்லத்தான் வேண்டும் என்றேன். அதற்குப் பிறகு அம்மையாருக்கு வந்த வேகத்தை நீ பார்க்க வேண்டும், ஜெட்டுவே தோற்றுப்போவாள். இரண்டு நாள் உட்கார்ந்து அறுநூறு படங்களை நீக்கினேன். ஒவ்வொன்றிலும் என் கையால் எழுதிய பெயர், வகுப்பு, பிரிவு, சிலவற்றில் எந்த வண்டியில் வீட்டுக்குப் போகிறார்கள் என்பதுகூட. ஒரு திருடனுக்கு இதைவிட நன்றாக யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

புகார் வாங்கிய பெண் போலீஸ் அந்தப் பிள்ளையைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, நீ எதையும் தப்பாகச் செய்யவில்லை என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கேள்வி கேட்டார். ஃபோல்டரைப் பார்த்துவிட்டு எங்களிடம், “பெரியவங்க பதட்டத்துல எல்லாத்தையும் அழிச்சுட்டு வந்து நிப்பாங்க, இது எவ்வளவு தெளிவா வெச்சிருக்கு பாருங்க” என்றார். நான்காம் நாள் அந்தக் கணக்கை மூடிவிட்டார்கள். செய்தவன் யார் என்று இதுவரை தெரியவில்லை, தெரியாமலே போகலாம் என்றும் சொன்னார்கள். அடுத்த வாரம் புதன்கிழமை ஜெட்டு பள்ளிக்கு வந்தாள். வாலுவும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் அவள் தெருமுனைக்கே போய்க் கூட்டிவந்தார்கள், யார் சொல்லியும் இல்லை. வாசலில் பிள்ளைகளை விட வந்த பெற்றோர் எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்து ஃபோனில் அவசர வேலை வந்துவிட்டது, ஒருத்தர்கூட நிமிரவில்லை. அவள் இன்னும் முன்போலப் பேசுவதில்லை, மைதானத்துக்கு மட்டும் போகிறாள். அவள் அம்மா என்னை மன்னித்தாளா என்று தெரியாது, நான் கேட்கவில்லை. பள்ளியில் தினம் மதியம் ஒரு மணி நேரம் பிள்ளைகள் லெட்டர் இல்லாமல் வந்து எதையும் சொல்லலாம் என்று ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் யார் உட்காருவது என்று பிள்ளைகளையே கேட்டார்கள், நூலகத்தில் இருக்கும் பெண்ணைச் சொன்னார்கள். என்னைச் சொல்லவில்லை, நியாயம்தான். வாலுவின் ஃபோனை இனிப் பூட்டுவதில்லை என்று சொல்லியிருக்கிறேன், அவள் நம்பவில்லை, பீரோ சாவியை அவளிடமே கொடுத்திருக்கிறேன், இப்போது எனக்குப் புடவை எடுக்க வேண்டுமென்றால் அவளைத்தான் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

கண்ணு, இவ்வளவும் எழுதியது ஊர்க்கதை சொல்ல இல்லை. சொன்னால் பிடுங்குவாய் என்று வாலு சொன்னதிலிருந்து எனக்கு உன் நினைப்பாகவே இருக்கிறது. நீ பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது எங்களுக்குத் தெரியாமல் ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாயே, அது எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அழுதுகொண்டே கேட்டாய். உன் சிநேகிதி சுருட்டைதான் வந்து சொன்னாள், உன் நல்லதுக்குத்தான் சொன்னாள் என்றேன். அவள் சொல்லவில்லை. நீ குளிக்கப் போயிருந்தபோது உன் ஃபோனை எடுத்து நீ அவளுக்கு அனுப்பியிருந்ததை எல்லாம் நான்தான் படித்தேன். ஃபோனைப் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அவள் பெயரைச் சொல்வது சுலபமாக இருந்தது. மறுநாளிலிருந்து நீ அவளோடு பேசவில்லை. ஒன்பது வருடம் ஆயிற்று, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நானும் ஒன்பது வருடமாக நினைத்துக்கொண்டே இருந்துவிட்டேன். அந்தக் கல்லூரியைப் பற்றி நான் பேச வரவில்லை, அதற்கு வேறொரு கடிதம் எழுத எனக்குத் தைரியம் வர வேண்டும்.

சுருட்டை இப்போது கடைத்தெருவில் மருந்துக் கடையில் இருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை கூட்டமில்லாத நேரமாகப் போய் அவளிடம் உண்மையைச் சொன்னேன். மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, “அவ ஏன் பேசாம போனான்னு இன்னிக்குத்தான் ஆன்ட்டி எனக்குத் தெரியுது” என்றாள். எண்ணிக்கை தப்பிப்போய் முதலிலிருந்து மறுபடி எண்ணினாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, “மொதல்ல அவகிட்ட சொல்லுங்க, அப்புறம் எங்கிட்ட கேளுங்க” என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம். உன் எண்ணை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை, உன்னைக் கேட்காமல் கொடுக்க எனக்கு உரிமையில்லை. அவள் எண்ணைக் கொடுக்கலாமா என்று அவளிடம் கேட்டேன். “குடுங்க, பேசினா பேசட்டும்” என்று மாத்திரை உறை ஒன்றின் மேல் அவளே எழுதித் தந்தாள். உறையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

கோபம் வந்தால் கோபப்படு, பதில் எழுதாவிட்டாலும் ஏன் என்று கேட்கமாட்டேன், எழுதினால் நான் மட்டும்தான் படிப்பேன். உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணாடியை மாற்று, மூன்று வருடமாக அதே கண்ணாடியைப் படத்தில் பார்க்கிறேன். எங்கே இருந்தாலும் நீ எந்தக் குறையும் இல்லாமல் மனம் நிறைந்து வாழ வேண்டும் என்பதே எங்கள் ஆசி. அப்பாவும் வாலுவும் அன்பைச் சொல்லச் சொன்னார்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் போடு, உறையை மட்டும் பத்திரமாக எடுத்து வை.

இப்படிக்கு,
உன் அம்மா